எதிரெதிர் மாடங்களில் எட்டு வாத்தியங்கள்: ஆலயத்தில் ஒரு காப்ரியேலி சொனாட்டா – நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இது ஒரு திருப்பலியில் வாசிக்கப்பட்ட ஐந்து நிமிட இசையைப் பற்றிய பதிவு. இடம், தெற்கு ஜெர்மனியில் ஒரு நடுத்தர நகரம். கல்லால் கட்டி வளைவுக் கூரை போட்ட பழைய கத்தோலிக்க ஆலயம். நாள், ஜனவரி 6, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா. அந்த வட்டாரத்தில் அன்று அரசு விடுமுறை என்பதால் ஆலயம் நிரம்பிவிடும். அன்றைய பெரிய திருப்பலியில் காணிக்கை நேரத்தில் பாட்டு வேண்டாம், வாத்திய இசை மட்டும் இருக்கட்டும் என்று பங்குத்தந்தையும் ஆலயத்தின் இசை இயக்குநரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்தது ஜொவான்னி காப்ரியேலியின் ‘சொனாட்டா பியான் எ ஃபோர்த்தே’ (‘பியான்’ என்றால் மென்மையாக, ‘ஃபோர்த்தே’ என்றால் உரக்க).

காப்ரியேலி வெனிஸ்காரர். 1585 முதல் 1612-இல் இறக்கும்வரை சான் மார்க்கோ பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர். இளமையில் மியூனிக் அரண்மனையில் இசையமைப்பாளர் ஒர்லாந்தோ தி லாஸோவின் கீழ் பணியாற்றியவர். இந்தச் சொனாட்டா இடம்பெற்ற தொகுப்பு 1597-இல் வெனிஸில் அச்சானது. பெரும்பகுதி பாடகர்களுக்கான லத்தீன் பாடல்கள். கூடவே வாத்தியங்களுக்கான 14 கான்சோனாக்கள், 2 சொனாட்டாக்கள். தொகுப்பை அவர் காணிக்கையாக்கியது தெற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் வணிகக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. அதனால் தெற்கு ஜெர்மானியர்களுக்கு இந்த இசை அந்நியமில்லை.

எட்டு வாத்தியம், இரண்டு அணி. முதல் அணியில் ஒரு கார்னெட்டோவும் (விரல் துளைகள் கொண்ட பழைய மர ஊது வாத்தியம்) மூன்று டிராம்போன்களும் (குழாயை இழுத்து ஸ்வரம் மாற்றும் பித்தளை வாத்தியம்). இரண்டாம் அணியில் மேல் குரலுக்கு ‘வயலின்’ என்று அச்சில் இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் வயலினின் கடைசித் தந்திக்கும் கீழே இறங்குவதால் இன்று வயலினைவிடத் தாழ்ந்த குரல் கொண்ட வயோலாவில்தான் வாசிப்பார்கள். அதற்குக் கீழே மூன்று டிராம்போன்கள். எந்தக் குரலை எந்த வாத்தியம் வாசிக்க வேண்டும் என்பதையும், எங்கே மென்மையாக எங்கே உரக்க என்பதையும் அச்சிலேயே குறித்த மிகப் பழைய படைப்புகளில் இது ஒன்று.

குழு கலவையானது. கார்னெட்டோ வாசித்தவர் தொழில்முறைக் கலைஞர். வயோலாக்காரர் பள்ளி ஆசிரியர். டிராம்போன்காரர்களில் மூவர் பழைய இசை படிக்கும் மாணவர்கள், மூவர் ஊர் பித்தளை வாத்தியக் குழுவைச் சேர்ந்தவர்கள். நான் வாசிக்கவில்லை. ஒத்திகைகளின்போது ஆலயத்தில் அங்கங்கே நின்று கேட்டுக் குறிப்பெடுப்பது என் பொறுப்பு.

## முதல் திட்டம்

ஆலயத்தின் மேற்குக் கோடியில், வாசலுக்கு மேலே, பெரிய ஆர்கன் இருக்கும் மாடம். கிழக்குக் கோடியில் பீடம். பீடத்தின் இடமும் வலமும், ஒன்றுக்கொன்று எதிராக, இரண்டு சிறிய மாடங்கள். முதல் அணியை மேற்கு மாடத்திலும் இரண்டாம் அணியைப் பீடத்தருகிலும் நிறுத்துவது இயக்குநரின் திட்டம். மக்கள் நடுவில் இருப்பார்கள். இசை முன்னாலும் பின்னாலும் இருந்து வந்து அவர்கள்மேல் சேரும். பங்குத்தந்தைக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. கடைசி வரிசையில் நிற்பவருக்கும் விழா எட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம், அது நியாயமானதும்கூட.

வெனிஸ் இசை என்றாலே பேராலயத்தின் நாலு மூலைகளிலிருந்தும் ஒலி பாயும் என்ற ஒரு சித்திரம் பலர் மனதில் இருக்கிறது. திட்டத்தின் வேர் அதில்தான்.

## முதல் ஒத்திகையில் கண்டவை

இரண்டு அணிகளுக்கும் இடையே ஏறக்குறைய 42 மீட்டர். குளிர்ந்த காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 337 மீட்டர் போகும். அதாவது ஓர் அணியின் ஸ்வரம் மற்ற அணியை அடைய நொடியில் எட்டில் ஒரு பங்கு ஆகும். அன்று எடுத்துக்கொண்ட காலப்பிரமாணத்தில் ஒரு கால் ஸ்வரம் (குரோட்செட் என்ற கால அளவு) நீள்வது அரை நொடி. தாமதம் அதில் கால் பங்கு. காதுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஒரு கேமராவும் திரையும் வைத்து, மேற்கு மாடத்தில் இருந்தவர்கள் இயக்குநரின் கையைப் பார்த்து வாசிக்கும்படி ஏற்பாடு. கை அசைவு உடனே தெரிந்துவிடும். ஒலி பிந்தி வரும். மாடத்திலிருந்தவர்களுக்கு எதிரணி எப்போதும் பின்தங்குவதுபோல் கேட்டது. எதிரணிக்கும் அப்படியே. வாசிப்பவரின் இயல்பு, காது சொல்வதை நம்புவது. இரண்டு பக்கமும் மற்றவருக்காகக் கொஞ்சம் காத்திருந்தார்கள். காலப்பிரமாணம் சரிந்துகொண்டே போயிற்று. சொனாட்டா முடியும்போது தொடங்கிய வேகத்தில் பாதிதான் இருந்தது என்று சொன்னாலும் மிகையாகாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: அணிகள் மாறி மாறி வாசித்த இடங்களில் எந்தக் குழப்பமும் இல்லை. முதல் அணி தொடங்கும் அந்த நீண்ட, அடக்கமான வாக்கியம் மேற்கிலிருந்து மிதந்து வந்தது. இரண்டாம் அணி பதில் சொன்னதும் அழகாகவே இருந்தது. எட்டுப் பேரும் சேர்ந்து வாசிக்கும் இடம் வந்ததும் எல்லாம் கலைந்தது. சேரும்போதுதான் இந்தப் படைப்புக்கு எடை, அங்கேதான் உடைந்தது.

நான் நின்ற இடத்தைப் பொறுத்து கேட்டதும் மாறியது. சரியாக நடுக்கூடத்தின் மத்தியில் இரண்டும் ஒன்றாக வந்தன. அந்தப் புள்ளியிலிருந்து பத்தடி நகர்ந்தாலே பக்கத்து அணி மேலோங்கியது. பீடத்தருகே நின்றால் கார்னெட்டோ ஒரு நிழல்போலப் பின்னால் தொடர்ந்தது. மேற்கு வாசலருகே நின்றால் கீழ்க்குரல் காணாமல்போய், இசைக்கோவையே தரையில் ஊன்றாமல் நின்றது.

இந்தக் கடைசிச் சிக்கலை அந்தக் காலத்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னாளில் சான் மார்க்கோவின் இசைத் தலைவரான ஸார்லினோ, 1558-இல், பிரிந்து நிற்கும் அணிகளுக்கு எழுதுபவர்களுக்கு ஒரு விதி சொன்னார். அணிகள் தள்ளித் தள்ளி நிற்பதால் ஒவ்வோர் அணியும் தனக்குள்ளேயே ஒத்திசைவு கொண்டிருக்க வேண்டும். அணிகளின் கீழ்க்குரல்கள் ஒரே ஸ்வரத்திலோ ஸ்தாயி வித்தியாசத்திலோ, சில வேளை மூன்றாம் ஸ்வர தூரத்திலோ நிற்கலாம், பஞ்சமத்தில் நிற்கக் கூடாது. நம் ஸ்வரங்களில் சொன்னால் காரணம் உடனே விளங்கும். ஓர் அணியின் அடி ஸ, மற்றதின் அடி ப என்று வைத்துக்கொள்வோம். ப அணியின் பக்கத்தில் நிற்பவர் அந்தப் ப-வையே அடியாகக் கேட்பார். மேலே உள்ள ஸ அவருக்கு நாலாம் ஸ்வரமாக விழும். அடிக்குரலுக்கு மேல் நாலாம் ஸ்வரம் அந்தக் காலத்துக் காதுக்குப் பிசிறு. காப்ரியேலியின் தலைமுறை இந்த விதியைக் கட்டுப்பெட்டியாகப் பின்பற்றவில்லை. எல்லாரும் சேரும் இடங்களில் ஓர் அணி இன்னோர் அணியின் அடிக்குரலின்மேல் சாய்வதுண்டு. அப்படிச் சாய வேண்டுமானால் 42 மீட்டர் அதிகம்.

இரண்டாவது சிக்கல் ‘ஃபோர்த்தே’. அந்தக் குறி வந்ததும் டிராம்போன்காரர்கள், குறிப்பாகப் பித்தளைக் குழுவிலிருந்து வந்தவர்கள், நெஞ்சு நிறைய ஊதினார்கள். ஒலி வெடித்தது, சுருதி மேலே ஏறியது, கார்னெட்டோ ஈடுகொடுக்க முயன்று கிறீச்சிட்டது. ஏறக்குறைய ஐந்து நொடி நீளும் எதிரொலியில் அடுத்த ‘பியான்’ வாக்கியத்தின் முதல் பகுதி மூழ்கிப்போயிற்று.

## சுருதி

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், ஒத்திகை நேரத்தில் பாதியைத் தின்றது இதுதான்.

எஞ்சியிருக்கும் பழைய கார்னெட்டோக்களில் பெரும்பாலானவை இன்றைய சுருதியைவிட அரை ஸ்வரம் உயர்ந்தவை. அதனால் இந்த இசையை ஏ=466 (ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு 466 அதிர்வு) என்ற அளவில் வாசிப்பது இன்று வழக்கம். ஆலயத்தின் பெரிய ஆர்கனோ ஏ=440, சம இடைவெளிச் சுருதியில் (ஸ்தாயியைப் பன்னிரண்டு சமக் கூறுகளாகப் பிரிக்கும் முறை) அமைந்தது. ஆர்கன்காரர் அரை ஸ்வரம் ஏற்றி வாசிக்கலாம், அவருக்கு அது பெரிய வேலையில்லை. ஆனால் சம இடைவெளியில் அந்தர காந்தாரம், இயற்கையாக ஒத்திசையும் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் உயரம் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). டிராம்போன்கள் நீண்ட கார்வையில் தாமாகவே அந்த இயற்கைக் காந்தாரத்தில் போய் உட்காரும். ஆர்கன் அதை மறுத்துக்கொண்டே இருந்தது. தம்புரா ஒன்று சொல்ல, பாடுபவர் ஒன்று பாடுவதுபோன்ற அந்த உறுத்தல் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கேட்டது.

டிராம்போன்காரர்களுக்கு வேறொரு தொல்லை. இன்றைய டெனர் டிராம்போனின் முதல் நிலையில் (இழுக்கும் குழாய் முழுதும் உள்ளே இருக்கும்போது) 440 அளவுக்குப் பி-ஃப்ளாட் வரும். அதே குழாயின் அதே ஒலி 466 அளவுக்கு ஏ. பழக்கப்பட்ட கை எங்கே போகுமோ அங்கே போக, வரும் ஸ்வரத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கும். பழைய இசை மாணவர்கள் இதைக் கற்றவர்கள். பித்தளைக் குழுவினர் மூவரும் இருபது, முப்பது ஆண்டுப் பழக்கத்தை மறந்து வாசிக்க வேண்டியிருந்தது. அவர்கள் வீட்டில் உழைத்துத் தயாராகி வந்தார்கள் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது குளிர். பீடத்தருகே 11 டிகிரி. சூடான காற்று மேலே ஏறுவதால் மேற்கு மாடத்தில் 15. ஊது வாத்தியங்களிலும் ஆர்கன் குழல்களிலும் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட் சுருதி மாறும். வாசிப்பவரின் மூச்சுச் சூடு ஓரளவு ஈடுகட்டும். ஆனால் வாசிக்காமல் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் வாத்தியம் மீண்டும் ஆறிப்போகும். மாறி மாறி வாசிக்கும் இசையில் காத்திருப்பதுதான் பாதி வேலை. வயோலாவின் நரம்புத் தந்திகள் இதற்கெல்லாம் கட்டுப்படாமல் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கின.

## எடுத்த முடிவுகள்

இயக்குநர், கார்னெட்டோக்காரர், ஆர்கன்காரர் மூவரும் பேசியே முடிவெடுத்தார்கள். எளிதாக முடிந்த பேச்சல்ல.

முதலாவது, மேற்கு மாடத்தைக் கைவிடுவது. பீடத்தின் இடமும் வலமும் உள்ள இரண்டு சிறு மாடங்களில் அணிகளை எதிரெதிரே நிறுத்தினால் இடைவெளி சுமார் 12 மீட்டர்தான். தாமதம் நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கும் அருகில் வந்துவிடும். ஒருவர் மூச்சிழுப்பதை மற்றவர் பார்க்கலாம். சான் மார்க்கோவிலும் இரண்டு ஆர்கன்களும் பீடப் பகுதியின் இருபுறமும் உள்ள மாடங்களில்தான் இருந்தன. 1568-இல் ஜிரோலமோ தல்லா காஸாவும் அவருடைய இரண்டு சகோதரர்களும் நிரந்தரச் சம்பளத்தில் அமர்த்தப்பட்டு அங்கே ஒரு வாத்தியக் குழு உருவானபோது, அவர்களுக்கு வாய்த்த இடத்தின் அளவு இதுபோன்றதே. அணிகள் பிரிந்தே நின்றன. ஆனால் ஒருவரையொருவர் கேட்கும் தூரத்தில்.

பங்குத்தந்தை தயங்கினார். பின்வரிசையினருக்கு இரண்டு பக்கமாகக் கேட்பது குறையும் என்பது அவர் கவலை. அது உண்மை, யாரும் மறுக்கவில்லை. சேர்ந்து வாசிக்கும் இடங்கள் உடைந்து கேட்பதைவிட அது மேல் என்று இயக்குநர் விளக்கினார். அடுத்த ஒத்திகையில் பங்குத்தந்தையை நேரில் உட்காரவைத்து இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டினார்கள். அவர் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது, பெரிய ஆர்கனை இந்தப் படைப்பில் பயன்படுத்துவதில்லை. பெட்டி அளவுள்ள சிறு ஆர்கன் ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டாம் அணியோடு வைத்தார்கள். அதன் விசைப்பலகையை நகர்த்தி 440-ஐ 466 ஆக்கலாம். இங்கே ஒரு கண்ணி உண்டு. 440 நிலையில் மீன்டோன் முறைப்படி (பெரும்பாலான காந்தாரங்களைச் சுத்தமாக்கி, பிசகை ஓரிடத்தில் ஒதுக்கும் பழைய முறை) சுருதி கூட்டிவிட்டு விசைப்பலகையை நகர்த்தினால், நல்ல காந்தாரங்களும் ஓலமிடும் இடைவெளியும் எல்லாம் ஒரு விசை தள்ளிப்போகும். இசைக்குத் தேவையான இடத்தில் ஓலம் வந்து நிற்கும். அதனால் முதலில் பலகையை 466-க்கு நகர்த்திவிட்டு, அந்த நிலையிலேயே ஒவ்வொரு குழலாகச் சுருதி கூட்டினார் ஆர்கன்காரர். இசைக்குத் தேவையான காந்தாரங்கள் சுத்தமாக அமைந்தன. அன்று மாலை முதல் முறையாக டிராம்போன்களின் முடிவுக் கார்வை அசையாமல் நின்றது. அந்த அமைதியைக் கேட்டபின் யாருக்கும் பெரிய ஆர்கன் நினைவே வரவில்லை.

மூன்றாவது, சூடு. விழா நாளில் எத்தனை மணிக்கு ஆலயத்தைச் சூடாக்கத் தொடங்குவார்களோ, அதே கணக்கில் முந்தைய மாலை ஒத்திகைக்கும் சூடாக்கும்படி ஆலயப் பணியாளரிடம் கேட்டுக்கொண்டார்கள். சிறு ஆர்கனின் இறுதிச் சுருதி அந்த வெப்பத்தில்தான் கூட்டப்பட்டது.

நான்காவது முடிவுதான் என் கணிப்பில் மிக முக்கியமானது. அச்சில் ‘பியான்’ என்று இருக்கும் இடங்களில் ஓர் அணி வாசிக்கிறது. ‘ஃபோர்த்தே’ என்று இருக்கும் இடங்களில் இரண்டும் சேர்கின்றன. அப்படியானால் உரப்பது ஆட்களின் எண்ணிக்கையால். ஒவ்வொருவரும் மூச்சைக் கூட்டத் தேவையில்லை. நால்வர் எண்மராகும்போது அளவில் கூடுவது சுமார் 3 டெசிபல், அது பெரிய ஏற்றமல்ல. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து வந்த ஒலி திடீரென்று இரண்டு பக்கமும் விரியும்போது, காது அதைப் பல மடங்காக எடுத்துக்கொள்கிறது. இயக்குநர் எல்லாருக்கும் ஒரே கட்டளை கொடுத்தார்: குறி எதுவானாலும் மூச்சு ஒன்றே. பித்தளைக் குழுவினருக்கு இசைக் கல்லூரியிலிருந்து பழைய வகை டிராம்போன்கள் இரவல் வந்தன. வாய் குறுகிய, தகடு மெலிந்த அந்த வாத்தியங்களில் மென்மையாக வாசிப்பது எளிது.

இதுபோக ஒரு சிறு ஏற்பாடு. கார்னெட்டோ மரத்தாலானது, இரண்டு பாதிகளாகக் குடைந்து ஒட்டி, மேலே தோல் போர்த்தியது. ஊதும் வாய் சிறு கிண்ணம் அளவுகூட இருக்காது. பலர் அதை உதட்டின் ஓரத்தில் வைத்துத்தான் வாசிப்பார்கள். உதடு சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒத்திகையில் கார்னெட்டோ தேவைப்படும் பகுதிகளை முதலில் முடித்துவிட்டு, கீழ்க்குரல்களின் வேலையைப் பிறகு பார்த்தார்கள்.

## விழா நாள்

காணிக்கை நேரம் பொதுவாக மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். சொனாட்டாவுக்கு ஐந்து வேண்டும். பெருவிழா என்பதால் தூபம் காட்டுவதும் சேர்ந்தது, பங்குத்தந்தையும் அவசரப்படவில்லை. பீடத்தில் தூபம் முடிந்து பீடச் சிறுவர் மக்கள் பக்கம் திரும்பியபோது இசை அதன் கடைசிப் பகுதியில் இருந்தது. அங்கே அணிகள் பேசிக்கொள்ளும் வாக்கியங்கள் சிறுத்துக்கொண்டே வந்து, இரு பக்கமும் நெருங்கி, கடைசியில் எட்டும் ஒன்றாக நிற்கும். கூட்டம் அசையாமல் கேட்டது.

சேர்ந்து வாசித்த இடங்கள் ஒன்றுகூட உடையவில்லை. சுருதி கடைசிவரை நின்றது. ‘ஃபோர்த்தே’யில் யாரும் ஊதித் தள்ளவில்லை, ஒலி உயர்ந்ததைவிட அகன்றது. நான் ஆலயத்தின் முன்பாதியில் இரண்டு இடங்களிலும் கடைசி வரிசையிலும் நின்று கேட்டேன். முன்பாதியில் இடம் வலம் தெளிவாகப் பிரிந்து கேட்டது. கடைசி வரிசையில் இரண்டும் ஒரே திசையிலிருந்து வந்தன. ஆனால் எட்டுக் குரலும் கேட்டன, அடிக்குரல் உட்பட.

எதிர்பாராத குறை ஒன்று இருந்தது. ஒத்திகை முழுவதும் காலி ஆலயத்தில் நடந்தது. அந்த ஐந்து நொடி எதிரொலிக்கு இடம்விட்டுத்தான் காலப்பிரமாணத்தை நிதானமாக வைத்திருந்தார்கள். விழா நாளில் நூற்றுக்கணக்கானோர் தடித்த குளிர்கால உடுப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மேலாடைகள் ஒலியைக் குடித்துவிட்டன. எதிரொலி மூன்று நொடியைத் தாண்டவில்லை. ஒத்திகையில் கம்பீரமாக இருந்த நடை அன்று சற்று இழுத்தது. வாக்கியங்களுக்கு இடையே இருந்த இடைவெளிகள் வெறுமையாகத் தெரிந்தன. இயக்குநர் நடுவிலேயே இதை உணர்ந்து கொஞ்சம் துரிதப்படுத்தினார். எதிரெதிரே நெருங்கி நின்றதால் அணிகள் உடனே பிடித்துக்கொண்டன. மேற்கு மாடத்திலிருந்து வாசித்திருந்தால் இது நடந்திருக்காது.

## பிறகு நடந்தவை

பின்வரிசையிலிருந்த சிலர், இசை தூரத்தில் நடந்ததுபோல் இருந்தது என்று பங்குத்தந்தையிடம் சொன்னார்கள். முன்பாதியில் இருந்தவர்களிடமிருந்து அப்படி ஒரு குறையும் வரவில்லை. பித்தளைக் குழுவின் மூவரில் இருவர் பழைய வகை டிராம்போனைத் தொடர்ந்து பயில விரும்பி, இரவல் வாங்கிய வாத்தியங்களை அடுத்த பருவத்துக்கும் வைத்துக்கொண்டார்கள்.

## அடுத்த முறை மாற்ற வேண்டியவை

காலப்பிரமாணத்தை ஒத்திகையில் இறுக்கிக் கட்டக் கூடாது. காலி ஆலயத்துக்கு ஒன்று, நிரம்பிய ஆலயத்துக்கு ஒன்று என்று இரண்டையும் பழக வேண்டும். விழாவன்று முதல் பாடலின்போதே எதிரொலி எவ்வளவு நீள்கிறது என்று இயக்குநர் கவனித்து எதை எடுப்பது என்று முடிவுசெய்யலாம்.

சிறு ஆர்கன் ஒன்றே இருந்ததால் இரண்டாம் அணிக்கு மட்டும் அடித்தாங்கல் கிடைத்தது. முதல் அணி தனியாக வாசித்த இடங்கள் ஒப்பீட்டில் சற்று மெலிந்து நின்றன. இரண்டு ஆர்கன் வைப்பது சரியான தீர்வு; அதற்குச் செலவும், ஒரே சுருதியில் இரண்டையும் கூட்ட ஒரு முழு நாளும் வேண்டும். அது முடியாவிட்டால் இருப்பதையும் எடுத்துவிட்டு எண்மர் மட்டும் வாசிப்பது நல்லது என்பது என் கருத்து. கார்னெட்டோக்காரரும் அதையே சொன்னார். ஆர்கன்காரர் இதற்கு இன்னும் உடன்படவில்லை.

பின்வரிசையினரின் குறைக்கு, சொனாட்டாவின் அணிகளை மறுபடி பிரித்துவைப்பது விடையாகாது. திருப்பலி முடிந்து மக்கள் வெளியேறும்போது நான்கு குரல் கான்சோனா ஒன்றை ஒரே அணி மேற்கு மாடத்திலிருந்து வாசிக்கலாம். 1608-இல் வெனிஸில் அச்சான ஒரு தொகுப்பில் காப்ரியேலியின் ‘லா ஸ்பிரித்தாத்தா’ இருக்கிறது. அதற்கு எதிரணி தேவையில்லை, நால்வரும் ஒரே இடத்தில் நின்று வாசிப்பதால் தாமதக் கணக்கும் இல்லை. கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு அது தலைக்கு நேர் மேலே கேட்கும். மேற்கு மாடத்தின் சூடு வேறு என்பதால் அந்த நால்வரும் கான்சோனாவுக்குக் கால் மணி நேரம் முன்பே மேலே ஏறி, வாத்தியங்களைச் சூடாக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நற்கருணைப் பாடல் தொடங்கியதும் அவர்கள் பக்கவாட்டுப் படி வழியாகப் போகலாம் என்று பங்குத்தந்தை இசைந்திருக்கிறார்.